ஓடாத வண்டிக்கு எதுக்கு ஆயில்?

கார் ஒர்க்‌ஷாப்பில் ஓடுகிற வண்டிக்காரர்களால் தொல்லையே கிடையாது. உயிரை வாங்குவதெல்லாம் வண்டியை நிறுத்தி வைத்திருப்பவர்கள்தான். பதினொன்றாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்துவிட்ட எனக்கு, உத்திரமேரூரில் மணி அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் போன் வேலை. ஆயில் மாற்றி ஒரு வருஷம் ஆனவர்களைக் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கஸ்டமருக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கும் உங்களுக்கு, அது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதி ஸ்டிக்கர்

மானாம்பதியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவர் கார் பேங்குக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும். ஆயில் மாற்றினால் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவோம்: பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. அவர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார். "ஐந்நூறுகூட ஓடலையேம்மா. பத்தாயிரம் ஆகட்டும், வரேன்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க ஓட்ற ஓட்டத்துக்கு, பத்தாயிரம் ஆவறதுக்குள்ள நீங்களே இருக்க மாட்டீங்க சார்" என்றேன்.

அவர் கேட்டார்: "என் ஆயுசுக்கும் நீதான் ஸ்டிக்கர் ஒட்றியாம்மா?"

அண்ணனுக்கும் போன் போச்சு

வைத்த கையோடு வாத்தியார் மணி அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். நான் சொன்னது கணக்குப்படி சரிதானே என்று அண்ணனிடம் கேட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. வேலை போனால் எங்கள் வீட்டில் மறுநாளே யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துவிடுவார்கள். திரும்பவும் பெஞ்சில் போய் உட்கார என்னால் ஆகாது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கணக்கு சரிதான் பாப்பா. பொங்கலுக்குள்ள வாத்தியார் வண்டி வரல, பொங்கலுக்கு அப்பால நீயும் வராத."

தினசரி பூஜை

பட்டு வியாபாரி ஏகாம்பரம், சென்னை மாப்பிள்ளை வந்தால் ஓட்டட்டும் என்று கார் வாங்கி ஷெட்டில் வைத்திருக்கிறார். தினமும் காலையில் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிடுவார். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆயில் கெடவே கெடாது என்று காட்டத்தான் வந்தார்.

அண்ணன் ஆயில் மூடியைத் திறந்தார். மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரி நுரை. அந்த அஞ்சு நிமிஷத்தில் இன்ஜின் சரியாகச் சூடாகாது. பெட்ரோல் எரியும்போது உள்ளே சேரும் ஈரம் வெளியே போகாமல் ஆயிலோடு கலந்துவிடும். "தினம் தினம் நீங்களே கெடுத்துக்கினு இருக்கீங்க சார்" என்றேன். அண்ணன் என்னை முறைத்தார்.

ஏகாம்பரம் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடி போட்ட வண்டியில தண்ணி எப்பிடிம்மா வரும்? மாப்ள வரலன்னு அதுவும் அழுவுதா இன்னா?"

பெயிண்ட் டப்பா

டேவிட் அண்ணனுக்கு நான் போனே போட்டதில்லை. கூலி வேலைக்குப் போகிறவர். பழைய கார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும். ஆனாலும் வருஷம் தவறாமல் காலி பெயிண்ட் டப்பாவோடு வந்துவிடுவார். "எவ்ளோ பொறுப்புண்ணே!" என்றேன். "பொறுப்பா? மாட்டுக் கொட்டாய் கம்பத்த கரையான் துன்னுது. பழைய ஆயில அடிச்சா கிட்ட வராது" என்றார்.

அவரும் மானாம்பதிதான். "உங்க ஊரு வாத்தியார் கார்ல நல்லா கறுத்த ஆயில் சும்மா கெடக்குதுண்ணே. அவருகிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் போல, டேவிட் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அவரு தோட்டத்து வேலிகூட கரையான் அரிச்சுத்தான் கீது. இத்த சொல்றத வுட்டுட்டு, ஆயுசப் பத்தி எதுக்கும்மா பேசின?"

பொங்கலுக்கு முந்தின வாரம்

வாத்தியார் வந்தார். கையில் ஒன்றல்ல, இரண்டு டப்பா. என்னைப் பார்க்காமலே அண்ணனிடம், "பழைய ஆயில் ஒரு சொட்டுகூட கீழ போகக் கூடாது" என்றார். வேலை முடிந்ததும் அண்ணன் ஸ்டிக்கரை என்னிடம் நீட்டி, வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னார். அடுத்த வருஷத் தேதியை எழுதி, கண்ணாடியில் ஒட்டினேன்.

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இந்த முறை முழுசாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கலாம்னு விட்டிருக்க. ரொம்ப தேங்க்ஸ்மா."

ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருதரம் ஆயில் மாற்ற வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்தி வேலையைத் தொலைக்கப் பார்த்தேன். மானாம்பதிக் கரையான் அதைச் சத்தமே இல்லாமல் சொல்லி, அந்த வேலையை எனக்குத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டது.