லண்டன் ஹோஸின் மேல் விழுந்த பழி

அப்பாவின் ஏ-ஃபோர்ட்டிக் காரைத் திருப்பி ஓட வைத்தே தீருவேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். போன கிழமை என்னைக் கூப்பிட்டு, "அக்கா, பிரேக்குக்கு ரப்பர் ஹோஸே போடவோ, கம்பி பின்னின ஹோஸ் எடுக்கவோ? பழைய காருக்கு அது பிரயோசனமோ?" என்று கேட்டான். உலகத்தில் இத்தனை மெக்கானிக்மார் இருக்க என்னிடம் வந்து கேட்கிறான், விசரன். ஆனால் யோசித்துப் பார்த்தால் சாட்சி சொல்லத் தகுதியான ஆள் நான்தான். அந்தக் காரில் ஒருமுறை கம்பி ஹோஸ் பூட்டி ஓடியபோது முன்சீற்றில் இருந்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வீதிகள் குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் எங்களூரில் பிரேக்கைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. அந்தக் கிடங்குகளே வண்டியை நிறுத்திவிடும். பிறகு காங்கேசன்துறை வீதிக்கு வழுவழுவென்று தார்க் காப்பெட் போட்டார்கள். கலியாண ஊர்வலங்களில் மெல்ல ஊர்ந்த அப்பாவின் கார்கூடப் பறக்கத் தொடங்கியது. அம்மாவுக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

அப்பா வெறுங்காலோடுதான் கார் ஓட்டுவார். செருப்போடு ஓட்டினால் செருப்புத் தொலைந்துவிடும் என்பது என் விளக்கம். ஒருநாள் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு வீட்டு வாசலில் வந்து நின்றார். மற்றச் செருப்பு எங்கே என்று கேட்டால் தன் காலைக் குனிந்து பார்த்து, "அட!" என்றார். எனக்கு வயிறு நோகச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டா.

காரில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. ஓட்டிக்கொண்டே, "பிள்ளை, கால் எங்கை நிக்குது?" என்பார். நான் குனிந்து பார்த்து, "பிரேக்கிலை அப்பா" என்பேன். "கெட்டிக்காரி" என்பார். பின்சீற்றில் இருந்த தம்பிக்கு இந்த உத்தியோகம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை! பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித் திரிந்தேன்.

இந்த நிலையில்தான் லண்டனிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பார்சல் அனுப்பினார். சொக்லேற், சேட்டு, அவற்றுக்கு நடுவில் வெள்ளியாக மின்னும் பிரேக் ஹோஸ்கள். பிரேக் எண்ணெய் சில்லுக்குப் போகும் வழியில் கடைசியாக வரும் ஒரு முழக் குழாய், வெளியே கம்பி பின்னியது.

அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்துவிட்டது. "என்ரை காருக்கு லண்டன் வைத்தியமோ? இவ்வளவு காலமும் ரப்பரிலைதானே நிண்டது?"

"கம்பி ஹோஸ் எண்டால் பெடல் இறுக்கமா நிக்குமாம். ஒருக்காப் பூட்டித்தான் பாருங்கோவன்" என்றா அம்மா.

மாட்டேன் என்று அப்பா சொல்லவில்லை. நல்லநாள் பார்த்துப் பூட்டுவோம் என்றார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒருநாள் அட்டமி என்றார், மறுநாள் நவமி, அடுத்த நாள் மரணயோகம். ஹோஸ்கள் சாமியறையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, சந்தனமும் குங்குமமும் வைத்தபடி ஒன்றரை மாதம் கிடந்தன. நாங்களும் தினமும் விழுந்து கும்பிட்டோம். கடைசியில் அம்மா பஞ்சாங்கத்தைப் பறித்துத் தானே ஒரு நாளைக் குறித்தா. அதற்குமேல் அப்பாவிடம் நாள் கைவசம் இல்லை.

கராஜில் மெக்கானிக் பாஸ் பழைய ரப்பரைக் கழற்றி வளைத்துக் காட்டினார். மேலெல்லாம் வெடிப்பு.

"உந்த ஹோஸை எப்பவோ மாத்தியிருக்க வேணும் அண்ணை. ரப்பரோ கம்பியோ, புதுசெண்டால் காணும். கம்பியெண்டால் மிதிக்கேக்கை வீங்காது, பெடல் கல்லு மாதிரி நிக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

பூட்டிய பிறகு குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்க வேண்டும். பாஸ் சில்லடியில் படுத்திருந்து, "மிதியுங்கோ" என்றார். "மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் அப்பா. "இல்லை அண்ணை, மிதியுங்கோ." "ஐயோ, மிதிக்கிறன் எண்டுறன்!" பாஸ் எழும்பி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பாவின் காலையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, நீ ஏறி மிதி பாப்பம்" என்றார். நான் இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தேன். அப்பாவைவிட நான் பலசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டோ அண்ணை?"

"என்ரை காரை ஆர் ஓட்டுறது?"

நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம், நானும் அப்பாவும் மட்டும். பெரிய வீதியில் ஒரு குறையும் இல்லை. அப்பா மிதிக்க மிதிக்கக் கார் சொன்னபடி நின்றது. "பறுவாயில்லை, மச்சானுக்கும் மூளை இருக்கு" என்று சிரித்தார். எங்கள் வீட்டுக் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஐஸ்கிறீம் வானின் பாட்டுக் கேட்டது. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"பிள்ளை, கால் பிரேக்கிலையோ?"

"ஓம் அப்பா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பக்கத்து வீட்டுத் தகரவேலியைப் பிரித்து, இரண்டு வாழைகளைச் சரித்து, மூன்றாவதில் முட்டி நின்றது. அப்பாவின் இடக்கை என் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அவருடைய வலது கால் அக்சிலேற்றரில் இருந்தது. அவரும் அப்போதுதான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சனம் ஓடி வந்தது. நான் வாயைத் திறக்கமுன் அப்பா உரத்துச் சொன்னார்: "ஹோஸ் பிழை. லண்டன் ஹோஸ் பிழை."

பாஸ் வந்தார், காரின் கீழே நெடுநேரம் பார்த்தார், எழும்பிக் கையைத் துடைத்தார். "ஓம் அண்ணை. உந்த ஹோஸ் எங்கடை காருக்குச் சரிவராது." அன்றிரவு மாமா போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ரை பிழைதான் அத்தான், நான்தான் வடிவா விசாரிக்காமல் வாங்கிப் போட்டன்" என்றார். சரியான ஹோஸ் வரும்வரை கார் நிற்கட்டும் என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். சரியான ஹோஸை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மாமாவும் அனுப்பவில்லை. கார் நின்றுவிட்டது.

நான் பார்க்காமல் சொன்ன பொய்யால்தான் எல்லாம் நடந்தது என்றும், என் குற்றத்தை அந்தப் பாவப்பட்ட ஹோஸ்கள் சுமக்கின்றன என்றும் பல மாதம் பயந்து செத்தேன். கோயிலில் ஹோஸ்களுக்காகத் தனியாக ஒரு கும்பிடு போட்டேன். அப்பா, பாஸ், மாமா என்று மூன்று பெரியவர்களும் தெரிந்துகொண்டே ஹோஸின் மேல் பொய் சொன்னார்கள் என்று எனக்கெப்படித் தெரியும்? அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தபோதுதான் மாமா சொன்னார்: "அது அச்சாச் சாமான் பிள்ளை. சலரோகத்தாலை, சீனி வருத்தத்தாலை, அத்தானுக்குக் கால் விறைச்சு உணர்வில்லாமல் போச்சு, ஓட்டுறதை விடவும் மாட்டாராம் எண்டு கொம்மா அழுதவ. பெடல் கல்லு மாதிரி நிண்டாலாவது முழங்காலுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

தம்பிக்கு, "கம்பியோ ரப்பரோ, புதுசாப் பூட்டு. லண்டன் ஹோஸிலை ஒரு பிழையும் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

கார் நின்ற பிறகும் அந்த விளையாட்டு நிற்கவில்லை. பின்னேரங்களில் கதிரையிலிருந்து எழும்பமுன் அப்பா கேட்பார்: "பிள்ளை, கால் எங்கை நிக்குது?" நான் ஓடிவந்து, குந்தியிருந்து, நன்றாகப் பார்த்துச் சொல்லுவேன்: "நிலத்திலைதான் அப்பா." "கெட்டிக்காரி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். கார் இல்லாமலும் விளையாடுகிற எங்கள் அப்பாவைப் போல ஒரு அப்பா உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.