இரண்டு அங்குலம் குறைந்த தொடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதம், காரிமங்கலம் சந்தையில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்து, வத்தல்மலை மேல் ஒரு பள்ளிக்கு நியமன உத்தரவும் வாங்கியிருந்தேன். ஜூனில் பள்ளி திறக்கும் அன்றே சேர வேண்டும். மேலே பஸ் கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு வேலை போய்விடும்.

சிக்கல் என் இடது முட்டி. பயிற்சிப் பள்ளியில் சடுகுடு ஆடும்போது, ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பி, முட்டிக்குள் தசைநார் அறுந்துபோனது. நாட்டு வைத்தியர் போட்ட கட்டால் வீக்கம் வற்றியது. ஆனால் மேடு பள்ளத்தில் கால் வைத்தால் முட்டி விலகி, அப்படியே உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், என் தொடையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து அறுந்த நாருக்குப் பதிலாக வைத்துத் தைத்தார்கள். இரண்டு மாதம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்த அன்று, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தொடையை இறுக்கி, காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். பிறகு கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்க வேண்டும்.

"முட்டியைத் தச்சாச்சு. இனிமே அதைத் தாங்க வேண்டியது தொடைதான்" என்றார்.

அந்தத் தாளை வீட்டில் நானே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "தச்ச எடத்துல மணலைத் தொங்கவுட்டா தையல் வுட்டுப்போவாதா?" என்று கேட்டார் அப்பா. பதில் சொல்ல வேண்டிய படித்தவன் நான்தான். எனக்கும் அதே பயம். தாளை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மா நொச்சி இலை ஒத்தடம் கொடுக்க, நான் தினமும் ஒரு நூலால் முட்டியை அளந்து, வீக்கம் குறையக் குறைய சந்தோஷப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போட்ட கடிதத்தில் 'பயிற்சி தவறாமல் செய்கிறேன்' என்று பொய்யும் எழுதினேன். வேட்டிக்குள் தொடை எப்படி இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு பேண்ட் தைக்கலாமென்று, குச்சி ஊன்றிச் சந்தைக்குப் போனேன். தகரக் கொட்டகையில் மிஷின் போட்டிருந்த தையல்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "பெல்பாட்டங்களா?" என்று கேட்டுக்கொண்டே டேப்பை எடுத்தவர், இடது தொடையைச் சுற்றிப் பிடித்தார். வலதைப் பிடித்தார். மறுபடி இடதுக்கே வந்தார்.

"ஏனுங்க, இந்தக் கால் உங்க தம்பியோடதுங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு இஞ்ச் கம்மியா இருக்குதுங்க. எந்தக் காலுக்கு வெட்டட்டும்?"

"முட்டியில ஆபரேஷன். வீக்கம் வத்திருச்சு, அதான்" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"முட்டி வத்துனா சரிங்க. தொடை எதுக்கு வத்துச்சு?"

'தாங்க வேண்டியது தொடைதான்' என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரி அம்மா சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. பேண்ட் எதற்கு என்று தையல்காரர் கேட்க, வத்தல்மலைப் பள்ளியில் வாத்தியார் வேலை என்று சொன்னேன். காலைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார்.

"மலைக்குங்களா? செரி, ரெண்டையும் நல்ல கால் அளவுக்கே வெட்டிப்புடறேன். லூசா இருந்தா நெரப்பறது உங்க பாடு வாத்தியாரே."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். முதல் நாள் மணல் பை இல்லாமலே கால் எழும்பவில்லை. தொடை வெடவெடவென்று நடுங்கியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் விடவில்லை. அடுத்த வாரம் அம்மாவே பழைய வேட்டியில் பை தைத்து ஓடை மணல் நிரப்பிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு உண்மையை எழுதினேன். திட்டி ஒரு பதில் வந்தது, கூடவே இன்னும் இரண்டு பயிற்சிகளும்.

சந்தை நாள் தவறாமல் தையல்காரரிடம் தொடையைக் காட்டினேன். "கால் இஞ்ச் ஏறியிருக்குதுங்க. தம்பி வளர்றான்" என்பார்.

பள்ளி திறந்த அன்று விடியும்போதே அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, குச்சியோடு மலை ஏறினேன். எத்தனை இடத்தில் உட்கார்ந்தேன் என்று கணக்கில்லை. விறகு எடுக்கப் போன பெண்கள் என்னைத் தாண்டிப் போய், கட்டோடு திரும்பியும் வந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது தொடை நடுங்கியது. ஆனால் முட்டி ஒரு முறைகூட விலகவில்லை.

இடது தொடை இன்றும் அரை அங்குலம் குறைவுதான். பேண்ட்டில் அந்தப் பக்கம் தளர்ந்து தொங்கும் துணியைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு தாளை வீட்டுக்கே படித்துக் காட்டிவிட்டு அதை நம்பாமல் பெட்டியில் பூட்டியவன் நான் என்பது ஞாபகம் வந்து, அன்றைய பயிற்சியை முடிக்காமல் படுப்பதில்லை.