வளர்கிற காலுக்கு வாங்கிய பாலே சப்பாத்து

எங்கள் வீட்டில் சப்பாத்து என்றால் இரண்டு விரற்கடை விட்டுத்தான் வாங்குவார்கள். இருக்கிற காலுக்கு அல்ல, வளரப்போகிற காலுக்கு. சிரம்பான் கான்வென்ட்டில் நான் பாலே நடன வகுப்பில் சேர்ந்தபோதும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியான என் அப்பா அந்தச் சட்டத்தைத் தளர்த்தவில்லை.

சீனர் கடையில் அந்த மெல்லிய தோல் சப்பாத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடை முதலாளியிடம் கேட்டார்.

"என்னா தவுக்கே, ரெண்டையும் ஒரே காலுக்குத் தச்சிருக்கே?"

"இது அப்பிடித்தான்லா. இடது வலது கிடையாது."

அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஓர் அளவு பெரிதாக எடுத்து, நுனியில் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொன்னார்.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டில் இருந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று எஸ்டேட் வேலியைத் தாண்டும் எதையும் சோதிப்பார்கள். வகுப்புக்குப் புறப்பட்ட அன்று கேட்டில் இருந்த போலீஸ்காரி சப்பாத்துக்குள் கைவிட்டுப் பஞ்சை உருவினாள். பிய்த்துப் பார்த்து மண்ணில் போட்டுவிட்டாள். வகுப்பில் முதல் துள்ளலிலேயே ஒரு சப்பாத்து கழன்று பறந்து பியானோவுக்கு அடியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளைக்கார ஆசிரியை சிரிக்கவில்லை. சப்பாத்து காலோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்றார். அப்பாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

இரண்டு நாள் கழித்து அதை மாற்றப் போனபோது அம்மாவும் வந்தார். சரியான அளவைப் போட்டு நின்றேன். அப்பா என் பெருவிரலை அழுத்திப் பார்த்தார்.

"ஆறு மாசங்கூடத் தாங்காது. வளர்ற புள்ள."

அப்பாவை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"இன்னிக்கு இருக்கிற காலுக்கு வாங்குங்க. போன மாசம் லோரியில ஆளுங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போன மண்டோரு வீடு திரும்பல; வழியிலயே சுட்டுட்டாங்க. ஆறு மாசத்த யாருங்க கண்டா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு அதையே கட்டித் தரச் சொன்னார்.

அடுத்த வகுப்பில் ஆசிரியை குனிந்து என் கால் நுனியைத் தொட்டார். நிமிர்ந்து அடுத்த பிள்ளையிடம் போனார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்தே மாதத்தில் உள்ளே விரல் மடங்கியது. பயந்து பயந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பவே சொன்னேனே என்பார் என்று நினைத்தேன். அவர் ஆபீஸ் காகிதம் ஒன்றைத் தரையில் விரித்து என்னை ஏறி நிற்கச் சொன்னார். பென்சிலை எடுத்து, குதிகாலில் தொடங்கி விரல்களைச் சுற்றி, ஒரு மயிரிழை இடம் விடாமல் கோடு போட்டார்.