தன்னைத்தான் பராமரிக்க ஏலாதவர்

அப்பா என்னோடு பேச்சை நிறுத்தியது ஒரு வரியால். அரசாங்கத்துக்குக் கட்டும் வரி, தாளில் எழுதும் வரி, இரண்டும்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் வெம்பிளியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். பகலில் ஒரு அச்சகத்தின் கணக்குப் பிரிவில் வேலை, மாலையில் கணக்காளர் பரீட்சைக்கு வகுப்பு. முப்பது வயது தாண்டியிருந்தது. கலியாணம் கட்டவில்லை. கட்டாததற்குக் காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் எதுவும் இருக்கவில்லை, பரீட்சையைத் தவிர. கொழும்புக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்ததற்கு அடுத்த வருடம் அப்பாவையும் அம்மாவையும் நான் லண்டனுக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். தம்பி கனடாவில் இருந்தான். அவனிடமிருந்து வருடப்பிறப்புக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும்.

அப்பா புகையிரதத் திணைக்களத்தில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபத்தைந்து தாண்டியும் நிமிர்ந்து நடப்பார். தினமும் காலையில் சவரம் செய்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, போக இடமில்லாமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். மேசையில் கிடக்கும் எதையும் வாசிப்பார். பால்காரனின் ரசீது, கவுன்சில் துண்டுப்பிரசுரம், என் பாடக்குறிப்பு, எல்லாம்.

என் பரீட்சையில் வரிச் சட்டப் பாடம்தான் மிச்சமிருந்த பெரிய தடை. ஒரு மாலை விரிவுரையாளர், வயதான பெற்றோரைத் தம் செலவில் வைத்திருப்பவர்களுக்கு வருமான வரியில் ஒரு சிறு சலுகை உண்டு என்று சொன்னார். தனித்து வாழும் பெண் கேட்டால் அது கொஞ்சம் கூடுதலாம். வகுப்பில் இருந்த பெடியன்கள் யாரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நான் குறித்துக்கொண்டேன். வீட்டில் இரண்டு பேரை வைத்திருந்தேனே.

வருடாந்த வரிப் படிவம் வந்ததும் ஒரு சனிக்கிழமை மதியம் அதை மேசையில் விரித்தேன். அப்பாவிடம் பிறந்த திகதி கேட்டேன். சாதகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்தது வேறொன்று என்று விளக்கிவிட்டு, எதற்கு என்று கேட்டார். வரிக்கு என்றேன். சமையலறைக்குப் போய்த் தேநீருடன் திரும்பி வந்தபோது படிவம் அவர் கையில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருந்தார்.

"இது என்ன?"

"வரியில கொஞ்சம் குறையும் அப்பா."

"நான் அதைக் கேக்கேல்லை. வயோதிகத்தால தன்னைத்தான் பராமரிக்க ஏலாதவர் எண்டு கிடக்கு. அதுக்குக் கீழ என்ர பேர் கிடக்கு."

"அது சட்டத்தின்ர சொல்லு."

"சட்டத்தின்ர சொல்லுக்குக் கீழ உன்ர கையால என்ர பேரை ஏன் எழுதினனீ?"

அம்மா சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. கை நின்றது. நான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாரம் முழுக்க வேலையும் வகுப்புமாக இருந்துவிட்டு, சனிக்கிழமையிலும் ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல் வந்தது.

"விசாவுக்கு நீங்களும் இதைத்தானே சொன்னனீங்கள்? மகள்தான் பாக்கிறாள், மகள் இல்லாட்டி வழியில்லை எண்டு. அப்ப சொல்லேக்கை நோகேல்லை, இப்ப எழுதேக்கை நோகுதோ?"

அப்பாவின் முகம் மாறியது. அவர் சத்தம் போடவில்லை. மிகத் தெளிவாக, பிளாட்பாரத்தில் அறிவிப்புச் செய்கிறவர்போலச் சொன்னார்.

"ஓம், சொன்னன். கொழும்பில, கண்ணாடிக்கு அங்கால இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியனுக்குச் சொன்னன். அவனுக்கு என்ர கடைசி மகன்ர வயசும் வராது. ஆர் உனக்குச் சாப்பாடு போடுறது எண்டு கேட்டான். மகள் எண்டன். மகள் போடாட்டி என்ன செய்வாய் எண்டான். ஒண்டும் செய்ய ஏலாது எண்டன். கொம்மாவும் பக்கத்தில நிண்டவ. ஒருக்காச் சொன்னது காணாதோ? வருசா வருசம் நீ எழுதிக் குடுக்க வேணுமோ?"

என் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்காக வெட்டினார். ஒரு முறை அல்ல, தாள் கிழிந்து மேசைவிரிப்பில் மை படும்வரை. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் நான் வரிக் கந்தோருக்குப் போனேன். வேறொரு படிவம் வாங்கி, அதே பெயரை அதே இடத்தில் மறுபடி எழுதி, அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்று, "குடுத்தாச்சு" என்றேன். எனக்கு உரியதைக் கேட்டேன். அது பிழையென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. நான் வாங்கிவந்த மீனை அப்பா தொடமாட்டார். அம்மா சமைத்தாலும் மீன் யார் வாங்கியது என்று கேட்பார். நான் புத்தகத்தைத் திறந்தால் அவர் வானொலியைத் திறப்பார். கிரிக்கெட், கப்பல்களுக்கான காலநிலை, தோட்ட ஆலோசனை, எது போனாலும் சத்தமாக. நான் எழும்பிப் போய் அதைக் குறைப்பேன். அவர் எழும்பிப் போய்க் கூட்டுவார். ஒரு வார்த்தை வராது. அம்மா நடுவில் இருந்து, "அப்பனும் மேளும் ஒரே அச்சு. எனக்கெண்டு வந்து வாய்ச்சுதுகள்" என்று இருவரையும் சேர்த்துத் திட்டுவா.

நான் நூலகத்தில் படித்தேன். நூலகம் பூட்டிய நாட்களில் துணி வெளுக்கும் கடையில் இயந்திரங்களின் இரைச்சலுக்குள் இருந்து படித்தேன். யார் யாரைத் தங்கி வாழ்பவராகக் காட்டலாம், எப்போது காட்ட முடியாது என்ற அத்தியாயம் வரும்போதெல்லாம் எழுத்துகள் என் கண்ணில் நிற்காது. அப்பாவின் முகம்தான் வந்து நிற்கும், அதுவும் அந்தத் தெளிவான குரலுடன். ஆத்திரத்தில் பக்கங்களைப் புரட்டிவிடுவேன்.

மார்கழியில் பரீட்சை எழுதினேன். மாசி மாதம் முடிவு வந்தது. வரிச் சட்டத்தில் சித்தியில்லை.

அதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் வந்துகொண்டிருந்த அப்பா நின்றார். அத்தனை மாதங்களுக்குப் பிறகு என்னோடு முதல் தடவையாகப் பேசினார்.

"உனக்கும் ஏலாது எண்டு எழுதி அனுப்பன்."

என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதைச் சுவரில் அடிக்கவில்லை என்பது மட்டும்தான் அன்று நான் செய்த நல்ல காரியம்.

அடுத்த மாதம் ஈஸ்ட் ஹாமில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, வீட்டுக்கு வந்தார். தனக்குத் தெரிந்த ஒரு பஞ்சாபிக்காரரின் பெற்றோல் ஷெட்டில் பகல் ஷிப்டுக்குக் காசாளர் வேண்டுமாம், அத்தான் கேட்டபடியால் பேசி ஒழுங்கு செய்துவிட்டாராம், தன் கடைக்கு மேலே ஒரு அறையும் இருக்கிறதாம். அப்பா கேட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமா என் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"பெற்றோல் ஷெட்டோ?" என்றேன். "இந்த வயசிலயோ?"

அப்பா மாமாவிடம் சொன்னார்: "அவவுக்குச் சொல்லு, கவர்மெண்டுக்கு அறிவிக்கச் சொல்லி. எனக்கு ஏலும் எண்டு."

போகிற நாளில் அம்மா தன் சேலைகளைப் பெட்டிக்குள் அடுக்கினா. நான் அறை வாசலில் நின்று, "நீங்கள் ஏன் அம்மா போறியள்? நில்லுங்கோ. அவர் ரெண்டு கிழமையில திரும்பி வருவார்" என்றேன். அம்மா ஒரு சேலையை மடித்தபடியே கேட்டா.

"உந்த வரிப் படிவத்தில என்னையும் எழுதினனியோ?"

"இல்லை அம்மா. உங்களுக்கு வயசு காணாது. புருசன் இருக்கிறபடியால் நீங்கள் அப்பாவில தங்கியிருக்கிறதாத்தான் கணக்கு."

"அப்ப நான் அவரோடதானே போக வேணும்" என்று பெட்டியை மூடினா.

அது கோபமா பகிடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கீழே மாமாவின் வான் நின்றது. அப்பா முன் சீற்றில் ஏறி, கதவைச் சாத்தி, நேரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையசைக்கவில்லை. அவரும் திரும்பவில்லை.

அவர்கள் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொன்னால் சனம் காறித் துப்பும். ஆனாலும் உண்மை. முதல் வேலையாக வரிக் கந்தோருக்குக் கடிதம் எழுதி, அப்பா இப்போது சம்பாதிக்கிறார், சலுகை வேண்டாம் என்று அறிவித்தேன். பிறகு வரிச் சட்டப் புத்தகத்தை முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

சனம் துப்பத்தான் செய்தது. விம்பிள்டன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் தூரத்து உறவான ஒரு மாமி, திருநீறு வாங்கிய கையோடு என்னிடம் வந்தா.

"ஏன் பிள்ளை, கொப்பரைப் பெற்றோல் ஷெட்டில கண்டனெண்டு இவர் சொல்லுறார். ஸ்டேசன் மாஸ்டரா இருந்த மனிசன். நீ இவ்வளவு படிச்சு, தாய் தேப்பனை வேலைக்கு விட்டிட்டியோ?"

"ஓம் மாமி," என்றேன். "நான்தான் கலைச்சனான். உங்கட பிள்ளையளுக்கும் சொல்லி வையுங்கோ, சுகமான வேலை."

மாமி அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மறுபக்கமாகச் சுற்றிக் கும்பிடுவா. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். அம்மா மாமாவின் மனைவியோடு கடைக்குப் போயிருந்தா. அப்பா வேலையில் என்றார் மாமா. ஷெட்டுக்கு நடந்து போனேன். அப்பா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அந்த ஷெட்டின் சின்னம் போட்ட பச்சைச் சட்டையும் அதற்கு மேல் தன் சாம்பல் நிறக் கோட்டும் போட்டுக்கொண்டு நின்றார். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"எந்தப் பம்ப்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்பா, நான்."

"தெரியுது. எந்தப் பம்ப்?"

"எனக்குக் கார் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப வேற என்ன வேணும்? பின்னால ஆக்கள் நிக்கினம்."

எனக்குப் பின்னால் ஒரு லொறிச் சாரதி நின்று பொறுமையில்லாமல் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டிருந்தான். ஒரு பத்திரிகையை எடுத்து வைத்தேன். அப்பா பணத்தை வாங்கி, மிச்சத்தைத் தந்து, ரசீதும் வேண்டுமா என்று கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. அவர் சந்தோஷமாக இருந்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், பெற்றோல் மணத்துக்குள், முன்னறையில் ஒருநாளும் நான் காணாத சந்தோஷம்.

ஆனி மாதம் மறுபடி பரீட்சை எழுதிச் சித்தியடைந்தேன். மாமா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதா. பின்னால் அப்பாவின் இருமல் கேட்டது. "அப்பா என்ன சொல்லுறார்?" என்றேன். "நல்லதாம்" என்றா. அவர் வாயே திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

கணக்காளராகிப் பெயர்ப் பலகை போடாவிட்டாலும், தெரிந்தவர்கள் எல்லோரும் தங்கள் வரிக் கடதாசிகளோடு என்னிடம் வந்தார்கள். அப்பா மட்டும் வரவில்லை. அவருடைய சம்பளத்தில் ஏதோ பிழையாக அதிக வரி வெட்டிக்கொண்டிருந்தார்களாம். அவர் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலிருந்த இன்னொரு கணக்காளரிடம் கூலி கொடுத்து அதைச் சரிசெய்தார். அந்த ஆளே என்னை ஒரு கலியாண வீட்டில் கண்டு, "உங்கட ஃபாதர் என்னட்டத்தான் வாறவர்" என்று சிரித்தார். சாப்பிடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

அந்தச் சலுகையைச் சில காலத்தில் அரசாங்கம் முழுதாக எடுத்துவிட்டது. செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது, இதற்காகவா என்று ஒருகணம் தோன்றியது. அப்பாவுக்கு அதை நான் சொல்லவில்லை. அவர் எங்கேயாவது வாசித்திருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கால் வீக்கம் வந்து வேலையை விட்டார். திரும்பி என் வீட்டுக்கு வருவார் என்று நினைத்து மாடி அறைக்குப் புது வர்ணம் பூசினேன். கவுன்சிலில் முதியவர்களுக்கான ஒரு கீழ்மாடி வீட்டுக்குத் தானே விண்ணப்பித்து, கிடைத்து, அங்கே போய்விட்டார். வர்ணம் மணக்கும் அறைக்குள் புத்தகங்களை அடுக்கினேன்.

மாதம் ஒருமுறை போவேன். நாங்கள் சமாதானமாகவில்லை. ஒருவரோடொருவர் கோபத்தோடே பழகிக்கொண்டோம். சாப்பாடு கட்டாயம் அங்கேதான். நான் கொண்டுபோகும் பழத்தை அம்மா வாங்கிக்கொள்வா, அப்பா பார்க்காத மாதிரி இருப்பார். தம்பி கனடாவில் வீடு வாங்கியதைப் பற்றி, காலநிலையைப் பற்றிப் பேசுவோம். வரி, பரீட்சை, பெற்றோல் இந்த மூன்றையும் யாரும் எடுப்பதில்லை.

திரும்பும்போது பஸ் தரிப்புவரை வருவார். வேண்டாம் என்றால் கேட்கமாட்டார். ஊன்றுகோலோடு, எனக்கு முன்னால் நடப்பார். கடைசியாக வந்த முறை குளிர் கடுமையாக இருந்தது.

"வீட்டை போங்கோ அப்பா. நான் பஸ் எடுப்பன்தானே."

"இந்த பஸ்ஸில போகாதை. இது சுத்திப் போகும்."

"எனக்குத் தெரியும். இதுதான் கெதியாப் போகும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

பஸ் வந்தது. ஏறினேன். அவர் ஊன்றுகோலை நிலத்தில் குத்தி, கண்ணாடிக்கு வெளியே இன்னமும் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றார். எனக்குக் கேட்கவில்லை. நானும் உள்ளே இருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.