ஸ்டாண்டு இல்லாத வண்டி

பைக் ரேஸில் ஒருவன் விழுந்தால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் வண்டியை ஓரங்கட்டி, அவனைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் மிச்ச ரேஸை ஓட்டுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தெட்டு வயதில், இங்கிலாந்துக்கு வந்து தலை நரைத்த பிறகு, பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து கிளப் ரேஸ் லைசென்ஸ் வாங்கிய பிறகும் நம்பினேன். மஞ்சள் கொடி ஆட்டினால் முன்னால் யாரோ விழுந்திருக்கிறான், வேகத்தைக் குறை, முந்தாதே என்று வகுப்பில் தெளிவாகத்தான் சொன்னார்கள். ‘இறங்கிப் போய்ப் பார்’ என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். இந்த ஊரில் கடை வாசலில் ஒருவர் கால் தடுக்கி விழுந்தால், நாம் ஓடிப் போவதற்குள் அவரே எழுந்து நம்மிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். அதற்கே நான் இன்னும் பழகவில்லை.

மகன் படிக்க வெளியூர் போனான். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சும்மா கிடந்தவன் பழைய பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ரேஸ் மைதானத்தைத் திறந்துவிடுகிற ஒரு நாளில் போய் நின்றேன். அங்கேதான் கெவின் பழக்கமானார். ஓய்வுபெற்ற பிளம்பர், என்னைவிட மூத்தவர், ஆனால் வளைவில் முழங்கால் தரையில் உரசுகிற அளவுக்குச் சாய்வார். “நீ வளைவுக்குப் பயப்படவே இல்லையே, ரேஸுக்கு வா” என்றார். பயத்தில் பிரேக் பிடிக்க மறந்துவிட்டேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஒரு பாராட்டில் மயங்கி லைசென்ஸ் வரைக்கும் போய்விட்டேன்.

முதல் ரேஸ் அன்று காலையில் தோல் உடுப்புக்குள் என்னைத் திணிப்பதே பெரும்பாடு. தலை முதல் கால் வரை ஒரே துண்டு அது. ஜிப்பை மேலே ஏற்ற, அன்று லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்த என் மனைவி என் தொப்பையில் முழங்காலை ஊன்றினாள். “பி.பி. மாத்திரை போட்டீங்களா? இதுக்குள்ள மூச்சே போவாது, மாத்திரை எங்க போவும்?” என்றாள். புதியவன் என்று தெரிய முதுகில் ஆரஞ்சுச் சட்டை வேறு. புகார் இல்லாமல் சில ரேஸ்களை முடித்தால்தான் அதைக் கழற்ற விடுவார்கள். வரிசையில் நின்று ஹெல்மெட்டுக்குள் “முருகா முருகா” என்று சொன்னதில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. சிவப்பு விளக்கு அணைந்ததை நான் பார்க்கவே இல்லை. பக்கத்து வண்டிகள் காணாமல் போனதை வைத்துத்தான் ரேஸ் தொடங்கியது தெரிந்தது.

மூன்றாவது வளைவில் எனக்கு முன்னால் போன ஒரு பையன் சறுக்கிப் புல்லில் உருண்டான். நான் நின்றுவிட்டேன். யோசிக்கவே இல்லை. வண்டியைப் புல்லில் இறக்கி, இடது காலால் ஸ்டாண்டைத் தேடினேன். ரேஸ் வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது. தரையில் உரசும் என்று முன்பே கழற்றிவிடுவார்கள். விட்டால் வண்டி விழும், விடாவிட்டால் அவனைத் தூக்க முடியாது. கல்யாண மண்டப வாசலில் யாருக்கோ வண்டி பிடித்துக்கொண்டிருப்பவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தபடி, “தம்பி, அடி பட்டுதா?” என்று தமிழில் கத்தினேன். அவன் தானாகவே எழுந்தான். இரண்டு கையையும் ஆட்டி என்னைப் பார்த்துக் கத்தினான். நன்றி சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

எங்கள் திருத்தணிப் பக்கம் விழுந்து பார்த்தவர்களுக்கு என் கால் ஏன் ஸ்டாண்டைத் தேடியது என்று தெரியும். வாலிபத்தில் நான் விழுந்தது ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில். திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ரோடு முழுக்கத் தோகையைச் சிந்திக்கொண்டே போகும். கே.ஜி.கண்டிகை டீக்கடை வளைவில், என் அக்கா புருஷனான பாவாவைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் ஒரு பஸ்ஸை முந்தினேன். முந்தியது வரை ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தபோது என்னைச் சுற்றி ஊரே நின்றது. ஒருவர் பெட்ரோலை மூடினார், ஒருவர் சாவியைப் பிடுங்கினார், ஒருவர் என் முகத்தில் சோடாவைக் கொட்டினார்.

“யார் வூட்டுப் புள்ளடா நீ? பஸ்ஸ முந்திக்கினு போறியே, எமன் வூட்ல உனக்கு எல போட்டு வெச்சிக்கீறானா?”

“திட்டறத அப்புறம் வெச்சிக்கய்யா, மொதல்ல கால நீட்டச் சொல்லு.”

ஆந்திராப் பக்கத்து அம்மா ஒருத்தி “நைனா, நைனா” என்று என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வேட்டி கிழிந்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்த பாவா, “எனக்கும்தான் அடி பட்டுக்கீது, என்னையும் யாராச்சும் பாருங்கய்யா” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் முந்திய அதே பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்தார். “எழுந்து நாலடி நடந்து காட்டு. அப்பதான் வண்டிய எடுப்பேன்” என்றார். பஸ் முழுக்கச் சனம். ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை. நான் நடந்து காட்டியதும் பஸ்ஸுக்குள் கைதட்டினார்கள். வாழ்க்கையில் வண்டி ஓட்டி நான் வாங்கிய முதல் கைதட்டல் அது.

இங்கே வாங்கியது கைதட்டல் இல்லை. ரேஸ் பொறுப்பாளர் அம்மையார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“வண்டியில் கோளாறா?”

“இல்லை.”

“உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“இல்லை.”

“பிறகு ஏன் நின்றீர்கள்?”

“அவன் விழுந்தான்.”

“உங்களுக்குத் தெரிந்தவரா?”

“இல்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர் நினைத்தார். அவர் விளையாடுகிறார் என்று நான் நினைத்தேன். “தூக்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்” என்றார் மெதுவாக. “நீங்கள் நின்றால், பின்னால் வருகிறவன் மோதுவதற்கு இன்னொரு பொருள் கூடுகிறது. அவ்வளவுதான்.” பின்னால் வந்த ஒருவன் மயிரிழையில் என்னைத் தவிர்த்துப் போனானாம். எனக்கு அது தெரியவே தெரியாது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இன்னொரு தடவை நின்றால் லைசென்ஸ் போய்விடும் என்றார்.

மதியம் அடுத்த ரேஸ். இந்தத் தடவை விளக்கைப் பார்த்துவிட்டேன். கெவின் எனக்குச் சற்று முன்னால். எப்படியாவது அவர் முதுகை விடாமல் ஒட்டிக்கொண்டு போவோம் என்று போய்க்கொண்டிருந்தேன். அதே மூன்றாவது வளைவில் அவர் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். புல்லில் குப்புறக் கிடந்தார். கை அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. என் வலது கை ஆக்ஸிலேட்டரை மூடப் பார்த்தது. கால் மறுபடியும் இல்லாத ஸ்டாண்டைத் தேடியது. “கெவின், கெவின்” என்று கத்தினேன். முருகனைக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. ரேஸ் வண்டிக்குப் பின்னால் பார்க்கிற கண்ணாடியும் கிடையாது.

முடிந்ததும் முதலுதவி அறைக்கு ஓடினேன், அந்த உடுப்பில் ஓட முடிகிற அளவுக்கு. கெவின் தோளில் கட்டுடன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காரை எலும்பு முறிவு. என்னைப் பார்த்ததும், “எத்தனாவது?” என்றார். சொன்னேன். நான் ஜெயித்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. “மன்னித்துவிடுங்கள்” என்றேன். “எதற்கு?” என்றார். எவ்வளவு சொல்லியும் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

அப்போது பாவாவின் போன் வந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்த என் மனைவி அதற்குள் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

“இன்னா மச்சான், உன் சிநேகிதன் உழுந்துட்டானாமே. பலமான அடியா?”

“தோள்பட்ட எலும்பு பாவா.”

“ஐயையோ. நீ பின்னாடிதான வந்துகினு இருந்த? தூக்கி உக்கார வெச்சியா?”

“ஆளுங்க வந்துட்டாங்க பாவா.”

“அவங்க வரட்டும்யா. நீ?”

போனை ஒரு கையில் பிடித்திருந்தேன். இன்னொரு கையை கெவின், அடிபடாத தன் கையால் பிடித்து, வாழ்த்துச் சொல்லிக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நான் நிற்கவில்லை. பதினான்காவதாக வந்தேன்.