எரியாத விளக்கு

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஜெனிட்டாவுக்கு நாற்பத்தொரு வயது. பதினோரு வருடம் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் கார் வயரிங் தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போய்வந்தவர். கொரோனாவில் ரயில் நின்றது, வேலையும் போயிற்று. தெரிந்த வேலையை வைத்துக் கடை போட்டார். ஆரம்பத்தில் வந்தவர்கள் "மெக்கானிக் எங்கம்மா?" என்று அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

போன ஜூனில் ஒரு திங்கட்கிழமை, கொர்னேலியஸ் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி லூயிசாவுக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாயும் வெள்ளியும் அந்தக் காரில்தான் கோலாருக்கு டயாலிசிஸ் போய்வந்தார்கள்.

"இன்னா அங்கிள், வண்டி இன்னா பண்ணுது?"

"ஹெட்லைட் போட்டா பேட்டரி லைட்டு எரியுதுமா. டெம்பரேச்சர் முள்ளும் ஏறுது. ஆஃப் பண்ணா எறங்கிடுது. பேட்டரி மாத்தியாச்சி, அத சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரும் மாத்தியாச்சி. அப்பவும் அப்படியேதான் கீது."

ஹெட்லைட்டைப் போட்டதற்காக என்ஜின் சூடேறாது. முள் ஏறுகிறதென்றால் கரண்ட் திரும்பிவரும் வழியில் ஏதோ தடை. ஜெனிட்டா வண்டியை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை என்ஜினிலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டியது. பேட்டரிக்கு அடியில் எர்த் வயர் பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புது வயர் போட்டதும் முள் அசையாமல் நின்றது.

கொர்னேலியஸ் சாவிக்குக் கை நீட்டினார். ஜெனிட்டா கொடுக்கவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். அவர் அதைப் பார்க்காமல் எந்த வண்டியையும் அனுப்புவதில்லை. பேட்டரி விளக்கு எரிந்தது, ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு எரியவில்லை. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் பல்பு இருக்க வேண்டிய இடம் காலி.

"யாரோ பல்ப கழட்டியிருக்காங்க அங்கிள்."

"நான்தாம்மா." அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார். "போன மாசம் பங்காரப்பேட்டை தாண்டி அந்த லைட்டு மினுக்கிச்சி. லூயிசா பாத்துட்டா. 'எனக்காக நீங்க நடுரோட்ல நிக்க வேணாம், இனிமே நான் வரல'ன்னுட்டா. அந்த வெள்ளிக்கிழம மெய்யாலுமே வரல. ஞாயித்துக்கெழம மூச்சு விட முடியல அவளால. அப்புறம் கழட்டிட்டேன். சரியாயிடுச்சின்னு சொல்லி கூட்டினு போறேன்."

விளக்கை மட்டும் அணைத்துக் கொடு என்று ஜெனிட்டாவிடம் கேட்டு வந்தவர்கள் உண்டு. வண்டியை விற்பதற்காகக் கேட்பார்கள், திட்டி அனுப்புவார். இவரைத் திட்ட வாய் வரவில்லை. புது பல்பைப் போட்டு என்ஜினைக் கிளப்பினார். உடனே அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை. சட்டென்று நிறுத்தினார். ஆயில், அளவுக் கம்பியின் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. அதன் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்சே கசிந்துகொண்டிருந்தது.

சுவிட்சை மாற்றி, ஆயில் ஊற்றினார். பக்கத்து ஷெட் மெக்கானிக் ஆஸ்டின் வந்து, கேஜ் வைத்து அழுத்தத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு ட்ரிப் போயிருந்தா என்ஜின் இறுகிப் புடிச்சிக்கினு நின்னிருக்கும்," என்றார். கொர்னேலியஸ் ஜெனிட்டாவிடம் திரும்பினார்.

"நாளைக்குப் போலாமாம்மா?"

"போலாம். போறப்ப ஆன்ட்டிய இங்க கூட்டினு வாங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு லூயிசா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பல்பைப் பற்றி ஜெனிட்டா வாய் திறக்கவில்லை. கொர்னேலியஸே சொன்னார்.

"பல்ப கழட்டினா எனக்கு ஒடம்பு சரியாயிடுமா?" என்று லூயிசா கணவரைக் கேட்டார். பிறகு ஜெனிட்டா பக்கம் திரும்பினார். "எது எதுக்கு எரியும்னு எனக்குச் சொல்லும்மா. இந்த மனுசன நம்ப முடியாது."

ஜெனிட்டா ஒவ்வொன்றாகக் காட்டினார். எது எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், எதற்கு ஊர் வந்து சேரும்வரை ஓட்டலாம் என்று சொன்னார். லூயிசா இரண்டு முறை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு டயாலிசிஸையும் தவறவிடவில்லை. ஆகஸ்ட் மழையில் கார் ஒருமுறை நின்றேபோனது. போன் செய்தது லூயிசாதான். "வண்டி ரோட்டோரம் கீது, நீ பாத்துக்கோ. நாங்க கோலாருக்கு பஸ் ஏறிட்டோம்," என்றார்.