பென்சில் குறி போட்ட முட்டைகள்

அவரைத் தெருவே ஆமைக்காரர் என்றுதான் கூப்பிடும். ஐஸ் கம்பெனியில் கட்டி சுமந்து சுமந்து தோள்பட்டை போனபிறகு, கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் வேலைக்கு வனத்துறை அவரை வைத்துக்கொண்டது. விடிந்ததும் கரையோரம் நடந்து, ஆமை இட்டுவிட்டுப் போன முட்டைகளை நாயும் நண்டும் தொடுமுன் எடுத்துவந்து, வலை கட்டிய அடைப்புக்குள் மணலில் புதைப்பார். குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுவார்.

அடைப்பில் இடம் போதாமல் திண்டாடிய காலமும் இருந்தது. பிறகுதான் அலை கரையை அரிக்கிறதென்று பாறாங்கல் கொட்டத் தொடங்கினார்கள். கடலுக்கே வேலி போடப் புறப்பட்ட மகா புத்திசாலிகள்! ஆமை என்ன, கல்மேல் ஏறி வந்தா முட்டையிடும்? இந்த வருஷம், மிச்சமிருந்த துண்டு மணலில் ஒரே ஒரு ஆமைதான் ஏறியது. சீக்கிரமே அந்தத் துண்டிலும் கல் விழுந்துவிடும் என்று வனத்துறை அதிகாரி சொல்லியிருந்தார். இனி ஆமைக்காரர் கையால் கடலுக்குப் போகப்போகும் குஞ்சுகள் இந்த ஒரு குழி முட்டையிலிருந்துதான். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தார்.

முட்டைகளைப் புதைத்த மறுநாளே காய்ச்சல் அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டது.

"நான் பாத்துக்கிறேங்க. நீங்க பேசாம படுங்க," என்றாள் மனைவி.

"நாய் வராம பாத்தா போதும்," என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் தினமும் காலையில் போய்வந்தாள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வருவாள். காய்ச்சல் விட்டதும் அவரும் கூடவே தட்டுத்தடுமாறி நடந்து போனார்.

"மணல் ஏன் இப்படிப் பொலபொலன்னு கெடக்கு?"

"பின்ன? தெனமும் தோண்டி, ஒண்ணு விடாம எடுத்துத் திருப்பி வெச்சேனே. குழம்பக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல குறி போட்டிருக்கேன். நான் கெட்டிக்காரிதானே?"

அவள் கோழி வளர்ப்பவள். அடைகாத்த கோழி ஒருமுறை செத்துப்போனபோது, பல்பு வெளிச்சத்தில் முட்டைகளை வைத்து, குறி போட்டுத் தினமும் கையாலேயே திருப்பி, அத்தனையையும் குஞ்சாக்கியவள். கோழி முட்டையைத் திருப்பத்தான் வேண்டும். ஆமை முட்டையை, இட்ட சில மணி நேரம் போனபிறகு, திருப்பவே கூடாது. ஓட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர் உள்ளேயே செத்துவிடும். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தொண்டை வறள இதைச் சொன்ன மனுஷர், வீட்டில் மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிட்டார்.

"என்னங்க, தப்பா ஏதாச்சும் பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. தலை சுத்துது. வா, வீட்டுக்குப் போவோம்."

குஞ்சு வெளிவர வேண்டிய நாள் நெருங்க நெருங்க, அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருக்கு முன்னாலேயே போய் அடைப்போரம் உட்கார்ந்துகொள்வாள். அண்டை வீட்டாரிடமெல்லாம், "நான் பாத்து வளத்த குஞ்சு, விடும்போது வந்துடுங்க," என்று அழைப்பு வேறு. சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுப்பார். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்.

நாள் கடந்தது. அதிகாரி வந்து குழியைத் திறக்கச் சொன்னார். மஞ்சள் பாய்ந்து, குழிவிழுந்து, நாற்றமெடுத்துக் கிடந்தது அத்தனையும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கை கழுவத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அதிகாரி ஒரு முட்டையை எடுத்துப் பார்த்தார். "இது என்ன குறி?"

"நான்தான் சார் போட்டேன். காய்ச்சல் வேகத்துல என்ன பண்றோம்னே தெரியாம எல்லாத்தையும் திருப்பிட்டேன்."

"நீங்களா? நீங்க போயி..." அதிகாரி தலையை ஆட்டியபடி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அவமானத்தில் கூசிப்போய் நின்றவரிடம் அவள் வாளியோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எதனாலங்க இப்படி ஆச்சு?"

"மணல் சூடும்மா."

அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவள் யோசித்தாள். "அப்போ அடுத்த வருஷம் மேல துணி கட்டி நிழல் போட்டுடலாம். நீங்க ஒண்ணும் மனசு விட்ராதீங்க. எனக்குக் கை பழகிடுச்சு, திருப்புற வேலைய நானே பாத்துக்கிறேன்."

"சரிம்மா," என்றார்.